கலத்திற்குக் குலமுண்டோ?

மனித சமுதாயத்தை மனித உடலுக்கு ஒப்பிட்டுப் பேசும் வழக்கம் மிகப் பழையது. இருக்கு வேதத்தின் புருஷ சூக்தம் ஆதிபுருஷனின் வாயையும் புயங்களையும் தொடைகளையும் பாதங்களையும் நான்கு வருணங்களோடு தொடர்புபடுத்திக் கூறுகிறது. உரோமாபுரியிலும் இவ்வகைக் கதையொன்று வழங்கியது. கி.மு. 494இல், கடன் சுமையும் பிரபுக்களின் கொடுமையும் தாங்காத பொதுமக்கள் நகரை விட்டு வெளியேறிக் குன்றொன்றிலே தங்கினர். பிரபுக்கள் சபையின் தூதனாகச் சென்ற மெனேனியஸ் அக்கிரிப்பா, வயிற்றுக்கு உணவூட்ட மறுத்த கைகால்கள் தாமே மெலிந்து வாடிய கதையைச் சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்தினான் என வரலாற்றாசிரியர் லிவி எழுதியுள்ளார். பிரபுக்களே வயிறு; உழைப்போர் கைகால்கள். கிழக்கிலும் மேற்கிலும் இவ்வுவமையாற் பயனடைந்தவர்கள் தலையாகவும் வயிறாகவும் இருந்தவர்களே என்பது கவனித்தற்குரியது.

இத்தகைய உவமைகள் இலகுவிற் சாவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கல்யாண வீடொன்றில், பந்தலில் இருந்த பெரியவர்களின் பேச்சு அயலூரில் நடந்த ஒரு கலப்பு மணத்தின் பக்கம் திரும்பியது. நன்கு கற்றவரும், அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவரும், என்மீது அன்புடையவருமான ஒருவர் என்னை நோக்கிச் சொன்னார்:

“தம்பி, நீர் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். உமக்குச் சொல்ல வேணுமே? கால் காலாய்த்தான் பிறக்குது. தலை தலையாய்த்தான் பிறக்குது. அதை ஆர் மாத்தேலும்?”

அதற்குள் பந்திக்கு அழைத்துவிட்டார்கள். பேச்சு அத்துடன் நின்றது. சாதியின் பேரால் மக்களைப் பொது இடங்களினின்றும் விலக்குவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் நிறைவேறிய நாடு இது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே ஆலயப் பிரவேசத்திற்காக மக்கள் போராடிய மண் இது. இவ்வளவுக்குப் பின்னரும் அந்த உவமை கல்யாணப் பந்தலிற் சௌகரியமாக வீற்றிருக்கிறது. எனினும் பெரியவர் கேட்டது உயிரியற் கேள்வி. ஆகவே உயிரியல் அதற்கு என்ன விடை கூறுகிறது என்று பார்ப்பது தகும்.

கால் காலாய்ப் பிறப்பதில்லை. தலையும் தலையாய்ப் பிறப்பதில்லை. இரண்டும் ஒரே கலத்திலிருந்து தோன்றுகின்றன. தாயின் முட்டையும் தந்தையின் விந்தும் கூடி உண்டாகும் நுகம் என்னும் அவ்வொரு கலம் இரண்டாகவும் நான்காகவும் எட்டாகவும் பிரிந்து பெருகுகிறது. வளர்ந்த மனித உடலில் ஏறக்குறைய 37 இலட்சம் கோடி கலங்கள் உள்ளனவென மதிப்பிட்டுள்ளனர். அவை இருநூறுக்கு மேற்பட்ட வகையின. நரம்புக் கலம் ஒரு மீற்றர் நீளத்திற்கும் இழை நீட்டிச் செய்தி கடத்த வல்லது. தசைக் கலம் சுருங்கி விரிகிறது. குடலின் உட்சுவர்க் கலம் உணவை உறிஞ்சி நாலைந்து நாட்களில் உதிர்கிறது. செங்குழியம் தன் கருவையே துறந்து, ஒட்சிசனைச் சுமந்துகொண்டு 120 நாட்கள் ஓடித் திரிகிறது. ஒரு கலத்தின் வழித்தோன்றல்கள் இவ்வாறு வெவ்வேறு தொழில்களை ஏற்பதை வியத்தமடைதல் என்று எமது பாடநூல்கள் கூறும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனிய உயிரியலறிஞர் ஓகஸ்ட் வைஸ்மன் இதற்கு ஒரு விளக்கம் கூறினார். கலம் பிரியுந்தோறும் அதன் பரம்பரைச் சொத்தும் பங்கிடப்படுகிறது. தோலாகும் கலத்திற்குத் தோலுக்குரிய பங்கும், நரம்பாகும் கலத்திற்கு நரம்புக்குரிய பங்கும் மட்டுமே சேருகின்றன என்பது அவர் கருத்து. நமது தேசவழமையில் முதுசொம் பிரிப்பது போன்ற ஏற்பாடு என்று சொல்லலாம். 1888இல் வில்ஹெல்ம் ரூ என்பவர் இரண்டு கலங்களே கொண்ட தவளை முளையத்தில் ஒரு கலத்தைச் சூடான ஊசியாற் குத்திக் கொன்றார். எஞ்சிய கலத்திலிருந்து அரை முளையமே தோன்றியது. வைஸ்மனின் கருத்து நிரூபணமாயிற்று என்றே பலரும் கருதினர். ஆனால் 1891இல் ஹான்ஸ் ட்ரீஷ், உடலெங்கும் முட்கள் கொண்ட கடல் முள்ளெலியின் இருகல முளையத்தை நீரிற் குலுக்கி இரு கலங்களையும் தனித்தனியே பிரித்தபோது, அரைப் பிராணிகள் தோன்றவில்லை. உருவிற் சிறியனவாயினும் முழுமையான குடம்பிகளே தோன்றின. ரூவின் சோதனையில் இறந்த கலம் உயிருள்ள கலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பிணத்தின் பாரமே பாதியைப் பாதியாக வைத்திருந்தது.

அயலின் செல்வாக்கு எத்துணை வலியது என்பதை 1924இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி காட்டியது. ஜேர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் ஹான்ஸ் ஸ்பீமனின் கீழ்க் கலாநிதிப் பட்டத்திற்கு ஆராய்ந்த ஹில்டே மங்கோல்ட், நியூட் என்னும் நீர்வாழ் பிராணியின் முளையத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, வேறோர் இன நியூட்டின் முளையத்தில், வயிற்றுத் தோல் உண்டாக வேண்டிய பக்கத்தில் ஒட்டினார். அங்கே இரண்டாவது முளையமொன்று முதுகும் நரம்புத் தொகுதியுமாக உருவாயிற்று. இரு இனங்களும் நிறத்தில் வேறுபட்டிருந்தமையால் எக்கலம் எதனுடையது என்று கண்டுகொள்ள முடிந்தது. புதிய நரம்புத் தொகுதியின் பெரும்பகுதி, வயிற்றுத் தோலாகியிருக்க வேண்டிய கலங்களால் ஆகியிருந்தது. அயலிலிருந்து வேறு செய்தி வந்ததும் அவை வேறு தொழிலை ஏற்றுக்கொண்டன. இதற்காக ஸ்பீமன் 1935இல் நோபல் பரிசு பெற்றார். சோதனையைத் தம் கையாற் செய்த ஹில்டே மங்கோல்ட் 1924இலேயே, வீட்டுச் சமையலறையில் நேர்ந்த தீவிபத்தினால், 25 வயதில் இறந்துவிட்டார்.

இன்று இதன் பொறிமுறை பெருமளவு தெளிவாகியுள்ளது. மனிதக் கலத்தின் கருவில் 46 நிறமூர்த்தங்கள் உண்டு. அவற்றிலே புரதங்களை ஆக்குவதற்கான ஏறத்தாழ 20,000 பரம்பரையலகுகள் உண்டு. ஈரற் கலத்திலும் மூளைக் கலத்திலும் பாதத்தின் தோற் கலத்திலும் இவை ஒன்றே. செங்குழியம் கருவை இழப்பதும், சில வெண்குழியங்கள் தம் பரம்பரையலகுகளிற் சிலவற்றை வெட்டி ஒட்டிக்கொள்வதும் போன்றவை விதிவிலக்குகள். ஆயினும் எந்தக் கலமும் அத்தனை பரம்பரையலகுகளையும் பயன்படுத்துவதில்லை. சில திறந்திருக்கின்றன, மற்றவை இறுகச் சுற்றப்பட்டும் இரசாயனக் குறி இடப்பட்டும் மூடிக் கிடக்கின்றன. எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதைச் சிலவகைப் புரதங்கள் தீர்மானிக்கின்றன; அப்புரதங்களை அயற் கலங்களின் இரசாயனச் செய்திகள் ஏவுகின்றன. ஒருமுறை எடுத்த தீர்மானத்தைக் கலம் தன் வழித்தோன்றல்களுக்கும் கையளிக்கிறது. ஆதலால் ஈரற் கலம் பிரிந்தால் ஈரற் கலமே உண்டாகிறது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது குலத்தொழில் போலவே தோன்றும். ஆனால் மூடிக் கிடப்பது வேறு; இல்லாதிருப்பது வேறு. ஈரற் கலத்தினுள்ளே மூளைக்கும் கண்ணுக்கும் உரியன யாவும் குறைவின்றி இருக்கின்றன.

எல்லாக் கலங்களும் தொழிலேற்று முடித்துவிட்டால் உடல் நெடுநாள் நிலைக்காது. தேய்ந்து உதிர்வனவற்றை ஈடுசெய்யத் தீர்மானம் முற்றாத சில கலங்கள் எஞ்சியிருக்க வேண்டும். இவற்றை மூலக்கலம் என்றும் குருத்துக்கலம் என்றும் தமிழில் வழங்குகின்றனர். பனங்காணிகளிடையே வளர்ந்த எனக்குக் குருத்து என்னும் சொல்லே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஓலை முற்றிக் காவோலையாகி விழும். குருத்தோ நடுவிலிருந்து புதிய ஓலையை ஈன்றுகொண்டேயிருக்கும். குருத்தை வண்டு தின்றால் மரமே பட்டுப்போகும். உடலின் குருத்துக்கலமும் தன்னைப் போன்ற கலங்களையும் தொழிலேற்கும் கலங்களையும் ஒருங்கே தந்துகொண்டிருக்கிறது.

குருதியின் குருத்து என்புமச்சையில் உள்ளது. அங்கிருந்து ஒவ்வொரு செக்கனிலும் ஏறக்குறைய 20 இலட்சம் செங்குழியங்கள் பிறக்கின்றன. 1961இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் ஜேம்ஸ் ரில், ஏர்னஸ்ட் மக்கலக் ஆகிய இருவர், கதிர்வீச்சினால் மச்சை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மச்சையைச் செலுத்தி, அவற்றின் மண்ணீரலிற் சிறு முடிச்சுகள் தோன்றக் கண்டனர். ஒவ்வொரு முடிச்சும் ஒரே கலத்தின் சந்ததி என்பதும், அச்சந்ததியில் வெவ்வேறு குருதிக் கலங்கள் உண்டு என்பதும் அடுத்த சில ஆண்டுகளில் நிறுவப்பட்டன.

தொழிலேற்றுவிட்ட கலம் பின்னோக்கிச் செல்லுமா? 1962இல் ஒக்ஸ்போர்டில் ஜோன் கேர்டன், வாற்பேத்தையின் குடற் கலத்துக் கருவை, கரு அழிக்கப்பட்ட தவளை முட்டையுள் வைத்த சோதனைகளை வெளியிட்டார். பெரும்பாலான முட்டைகள் அழிந்தன. மிகச் சிலவற்றிலிருந்து நீந்தி இரைதேடும் வாற்பேத்தைகள் தோன்றின. குடலின் கலத்துள் முழுத் தவளையின் முதுசொமும் இருந்தது. இதே கேர்டனைப் பற்றி 1949இல் அவருடைய பாடசாலை ஆசிரியர், விஞ்ஞானியாக வேண்டும் என்ற அவர் எண்ணம் நகைப்புக்கிடமானது என்று அறிக்கை எழுதியிருந்தார். ஆசிரியத் தொழில் செய்பவன் என்ற முறையில் அவ்வறிக்கையை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஒரு பிள்ளைக்குள் மூடிக் கிடப்பதை இல்லாததென்று எழுதிவிடும் அதிகாரம் எங்கள் பேனாவுக்கு இருக்கிறது.

2006இல் யப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனகாவும் அவருடைய சகபாடியும், 24 பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, நான்கே போதும் எனக் கண்டனர். அந்நான்கையும் எலியின் தோலிலிருந்து எடுத்த கலத்துட் செலுத்தியபோது, அது முளையத்தின் குருத்துக்கலத்தை ஒத்த நிலைக்குத் திரும்பியது. 2007இல் மனிதக் கலத்திலும் இதனைச் செய்தனர். 2012இல் கேர்டனும் யமனகாவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இவ்வாறு மீண்ட கலத்தை ஏற்ற சூழலில் வளர்த்துத் துடிக்கும் இதயத் தசையாகவும் நரம்பாகவும் ஆக்கலாம். 2014இல் கோபே நகரில், ஒரு மூதாட்டியின் தோற் கலங்களிலிருந்து ஆக்கிய விழித்திரைப் படலம் அவர் கண்ணிலேயே பொருத்தப்பட்டது. பாதத்தின் தோலிலிருந்து எடுத்த கலத்தை மூளையின் நரம்புக் கலமாக்குவது இன்று ஆய்வுகூடத்தில் ஆகக்கூடிய காரியம். “அதை ஆர் மாத்தேலும்?” என்ற கேள்விக்கு விடை இதுதான்.

எனினும் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். சாதி பொய்யென்பதற்குக் கலமே சாட்சி என்று நாம் முழங்கினால், இயற்கையை நமது வழக்கிற்கு இழுத்து வருவதில் நாமும் அந்தப் பெரியவரின் வழியையே பின்பற்றியவர்களாவோம். முற்போக்கு அணியிலும் இத்தவறு நிகழ்ந்ததுண்டு. உலகெங்குமிருந்து பயிர் விதைகளைத் திரட்டிய மேதை நிக்கொலாய் வவிலோவ் 1943இல் சரற்றோவ் சிறையில் மாண்டார். 1948இல் லைசென்கோவின் கருத்தே சோவியத் நாட்டின் உயிரியலாயிற்று; பரம்பரையியல் ஒடுக்கப்பட்டது. கலமல்லாத பொருளிலிருந்து கலம் உருவாகக் கண்டதாகக் கூறிய ஒல்கா லெப்பெஷின்ஸ்காயாவுக்கு 1950இல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. அவர் கண்டதாகச் சொன்னது பின்னர் பொய்த்தது. மக்களின் பேராற் சொல்லப்பட்டாலும் பொய் பொய்யே. மனிதர் யாவரும் சமம் என்ற கோட்பாடு நுணுக்குக்காட்டியின் சான்றிதழுக்காகக் காத்திருப்பதன்று. கலங்கள் வேறுவிதமாக இயங்கியிருப்பினும் அது உண்மையாகவே இருக்கும். ஒடுக்குமுறை இயற்கையின் கையொப்பத்தைத் திருடும்போது, அக்கையொப்பம் போலியென்று காட்டுவதே உயிரியல் நமக்குச் செய்யும் உதவி.

அது செய்யக்கூடிய வேறோர் உதவியும் உண்டு; அதைப் பற்றி எனக்குக் கற்பித்தவன் ஒரு மாணவன். குருநாகல் மாவட்டத்து முஸ்லிம் கிராமமொன்றிலே நான் சில ஆண்டுகள் கற்பித்தேன். பத்தாம் வகுப்பில் வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத ஒரு பையன் இருந்தான். மாதந்தோறும் ஓரிரு நாட்கள் வரமாட்டான். அவனுக்குத் தலசீமியா. ஈமோகுளோபினை ஆக்கும் பரம்பரையலகைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதுபட்டதாகப் பெற்றவர்களுக்கு வரும் நோய் இது. மூன்று நான்கு வாரங்களுக்கொரு முறை பிறர் குருதியை ஏற்ற வேண்டும். ஏற்றிய குருதியின் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியாதிருக்க வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும். குருநாகலில் இதற்கெனத் தேசிய நிலையம் உண்டு. அரசாங்க மருத்துவமனையில் அவன் பெற்ற குருதிக்கு விலையில்லை. முகமறியாத யாரோ தந்த குருதியால் அவன் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான்.

கலப்பிரிவு பற்றிய பாடம் முடிந்த ஒருநாள் அவன் என்னிடம் கேட்டான்: “சேர், ரத்தம் உண்டாகுறது எலும்புக்குள்ளதானே? அதுக்குள்ள இருக்கிறத மாத்த ஏலாதா?”

மாற்றலாம். 1956இல் அமெரிக்க மருத்துவர் டொனல் தோமஸ், குருதிப் புற்றுநோயுற்ற ஒருவருக்கு அவருடைய ஒத்த இரட்டையரின் மச்சையை ஏற்றினார். 1990இல் நோபல் பரிசு பெற்றார். 1980களிலிருந்து தலசீமியாவையும் இவ்வழியிற் குணப்படுத்தி வருகின்றனர். ஆனால் மச்சை பொருந்த வேண்டும். உடன்பிறந்தார் ஒருவருடையது பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. அவனுக்கு ஒரு தம்பியும் ஒரு தங்கையும், இருவருடையதும் பொருந்தவில்லை.

அண்மையில் வேறொரு வழி திறந்துள்ளது. கருப்பையிலுள்ள சிசு வேறொரு வகை ஈமோகுளோபினை ஆக்குகிறது. பிறந்து சில மாதங்களுள் அதற்குரிய பரம்பரையலகு மூடப்பட்டுவிடுகிறது. தலசீமியா நோயாளியிடமும் அது பழுதின்றியே மூடிக் கிடக்கிறது. நோயாளியின் சொந்தக் குருத்துக்கலங்களை வெளியே எடுத்து, அம்மூடலுக்குக் காரணமான பகுதியை வெட்டிச் செயலிழக்கச் செய்து, மச்சையைக் கடும் மருந்தால் வெறுமையாக்கியபின் அக்கலங்களை மீண்டும் ஏற்றுகிறார்கள். 2023 நவம்பரில் பிரித்தானியாவிலும், தலசீமியாவுக்கென 2024 ஜனவரியில் அமெரிக்காவிலும் இச்சிகிச்சை அனுமதி பெற்றது. பரிசோதனையிற் பங்குபற்றியோரிற் பெரும்பாலானோர் ஓராண்டும் அதற்கு மேலும் குருதி ஏற்றாமல் வாழ்ந்தனர். அமெரிக்காவில் இதற்கு அறிவிக்கப்பட்ட விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலர்.

தலசீமியா மத்தியதரைக் கடலோரம் தொடக்கம் இந்தியா, இலங்கை, தாய்லாந்து வரை, மலேரியா நெடுங்காலம் நிலவிய நாடுகளிலே செறிந்த நோய். பழுதை ஒருபுறம் மட்டும் பெற்றவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தமையே அதற்குக் காரணம். மருந்து தேவைப்படுவோரிற் பெரும்பாலோர் ஒரு தேசத்தின் பக்கம். அதன் விலை இன்னொரு தேசத்தின் பக்கம். இந்த இடைவெளியில் வியாபாரிகள் கடை விரிக்கிறார்கள். 2015இல் அமெரிக்காவின் புளோரிடாவில், கொழுப்பிலிருந்து எடுத்த குருத்துக்கலம் என்று சொல்லித் தனியார் நிலையமொன்று கண்களில் ஊசி போட்டதால் மூன்று பெண்கள் பார்வையிழந்தனர். பிறந்த குழந்தையின் தொப்புட்கொடிக் குருதியை அதன் எதிர்காலத்திற்கென்று காசுக்குச் சேமித்து வைக்கும் நிறுவனங்கள் பல நாடுகளிலே விளம்பரம் செய்கின்றன. ஒரு குழந்தை பரம்பரை நோயோடு பிறந்தால் அதன் கொடிக் குருதியிலும் அதே பழுது இருக்கும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். 1988இல் பாரிஸ் நகரில் முதன்முதலாக இச்சிகிச்சை பெற்ற சிறுவனைக் காப்பாற்றியது அவனுடைய சொந்தக் கொடிக் குருதியன்று, அவன் தங்கையினது. ஒவ்வொருவரும் தமக்கெனப் பூட்டிவைப்பதிலும் எல்லோருக்குமாகப் பொதுவில் சேர்ப்பதே பயன் தருவதென்று மருத்துவமே காட்டியிருக்கிறது.

கடல் முள்ளெலியைக் குலுக்கியவர் முதல், கியோத்தோவில் எலியின் கலத்தோடு போராடியவர்கள் வரை, பல நாட்டார் பல தலைமுறையாக, பெரும்பாலும் பொதுப் பணத்தில் இயங்கிய பல்கலைக்கழகங்களிலே தேடிச் சேர்த்த அறிவு இது. மனிதகுலம் முழுமைக்கும் இது முதுசொம். இம்முதுசொத்தைச் சிலருக்கு முழுவதுமாகவும் பலருக்கு ஒன்றுமில்லாமலும் பங்கிடும் ஏற்பாட்டை இயற்கை விதிக்கவில்லை, மனிதரே விதித்தனர். நோய் செறிந்த நாடுகள் ஒன்றுகூடித் தமது அரசாங்க ஆய்வுகூடங்களிலே இச்சிகிச்சையைச் செய்யும் ஆற்றலை வளர்க்க வேண்டும். மச்சை தருவோரின் பொதுப் பதிவேடுகளைப் பெருக்க வேண்டும். உயிர்காக்கும் மருந்தின் விலையை மருந்துக் கம்பனி மட்டும் தீர்மானிக்கும் நிலை ஒழிய வேண்டும். இரத்ததானத்தை வியாபாரமாக்காது காத்த ஒரு நாட்டு மக்கள் இவற்றைக் கோருவதில் கூச்சப்படத் தேவையில்லை.

அந்தப் பையன் இப்போது இளைஞன். பட்டணத்துக் கடையொன்றிற் கணக்கெழுதுகிறான். இன்றும் மாதந்தோறும் குருதி ஏற்றப் போகிறான். தன் எலும்புக்குள் இருப்பதை மாற்ற முடியுமா என்று அவன் கேட்ட கேள்விக்கு விஞ்ஞானம் தன் விடையைச் சொல்லிவிட்டது. எஞ்சியுள்ள விடையைச் சமுதாயம் சொல்ல வேண்டும்.